வாங்க வாங்க என்ற ஊர்

ஒரு ஊர் உங்களைப் பார்த்தவுடன் "வாங்க, வாங்க" என்று வாய் நிறையச் சிரித்தால், பெட்டியைக் கீழே வைக்காதீர்கள். கையில் பிடித்தபடியே நாலு வார்த்தை பேசுங்கள். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கஸுக்கும் டூரிங் டாக்கீஸுக்கும் ஊர் பார்க்கக் கிளம்புகிற தம்பிகள் நீங்கள் அவ்வப்போது வந்து, அந்த ஊர் எப்படி, இந்த ஊர் எப்படி என்று என்னைக் கேட்கிறீர்கள். நான் ஊர் பார்த்தது நாடகக் கம்பெனிக்கு. கம்பெனி ஓர் ஊரில் ஆடிக்கொண்டிருக்கும்போதே முன்னால் போய், அடுத்து எந்த ஊர் எங்களைத் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏஜெண்டு என்று பெயர். கொட்டகைக்கு மூங்கில் எங்கே கிடைக்கும், லைசென்சுக்கு யாரைப் பிடிப்பது, நோட்டீஸ் எங்கே அடிப்பது என்பதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கொஞ்ச நாள் வெயிலில் அலைந்தால் தானாக வந்துவிடும். தானாக வராதது சந்தேகம். அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு.

பெரிய ஊர்களுக்கு இந்தச் சந்தேகம் தேவைப்படவில்லை. கோயம்புத்தூரிலோ சேலத்திலோ எல்லாம் வெட்ட வெளிச்சம். கொட்டகை யாருடையது, வாடகை என்ன, போட்டிக்கு யார் என்று டீக்கடையில் விசாரித்தாலே தெரிந்துவிடும். முப்பதுகளின் நடுவில் பேசும் படம் வந்து எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டது. நாங்கள் ஆடிய கொட்டகைகளில் ஒவ்வொன்றாக வெள்ளைத் திரை கட்டினார்கள். அதன் பிறகுதான் படம் எட்டிப் பார்க்காத சிற்றூர்களை நாங்கள் தேட ஆரம்பித்தோம். எங்கள் ராஜா வேடக்காரர், "பட்டிக்காட்டில் மாட்டுக்கா பாடிக் காட்டுவது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாடு நன்றாகவே கேட்கும் என்று நான் சொன்னதற்கு என்னோடு சில நாள் பேசவில்லை.

சிற்றூரில் ஒரு சங்கடம் உண்டு. அங்கே ஒரு மனிதர் மனதில் இருப்பதுதான் ஊர் மனதில் இருக்கும். அதை அவர் சொல்லவும் மாட்டார். காவிரிக்கரையில் ஓர் ஊரில், எங்களுக்கு முன்னால் வந்த கம்பெனி நட்ட மூங்கில்கள் அப்படியே நின்றன. "உங்களுக்கு வேலை மிச்சமுங்க, இதுலயே ஓலை போட்டுக்கலாம்" என்று தேனொழுகச் சொன்னார்கள். மூங்கிலை விட்டுவிட்டுப் போகிற கம்பெனி உலகத்தில் உண்டா? அவர்கள் போகவில்லை, ஓடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. மெல்ல விசாரித்ததில் முன்வரிசை யாருக்கு என்பதில் இரண்டு தெருவுக்குள் தகராறு, மேடைமேல் கல் விழுந்திருக்கிறது. நான் காபியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

இந்த மாதிரி தப்பித்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. இன்று சொல்லப் போவது தப்பிக்க முடியாமல் போனது.

கோயம்புத்தூரில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்த கொட்டகையை அதன் சொந்தக்காரர் படக்காரர்களுக்குப் பேசி முடித்துவிட்டார். காலி செய்யச் சொல்லி நாளும் குறித்துவிட்டார். சின்னதும் பெரியதுமாக எங்கள் கம்பெனியில் நாற்பது உயிர். ராணி வேடம் போடும் அம்மாளுக்குக் கைக்குழந்தை. சமையல்காரர் வீட்டில் வரிசையாகப் பிள்ளைகள். இத்தனை பேரும் பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடுமலைப்பேட்டையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அங்கே வேறொரு கம்பெனி அப்போதுதான் ஆடி முடித்துப் போயிருந்தது. சனங்கள் நாடகம் பார்த்துச் சலித்திருந்தார்கள். போனால் வயிற்றைக் கழுவலாம், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் கிணத்துக்கடவுக்குக் கிழக்கே உள்ளடங்கிய ஓர் ஊரிலிருந்து எங்கள் முதலாளிக்கு ஆள் வந்தது. ஊர்ப் பெரிய கவுண்டர் நாடகம் வேண்டும் என்கிறாராம், என்ன கேட்டாலும் செய்வாராம். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் தந்தி கொடு, காலையில் வண்டி ஏறிவிடுகிறோம்" என்று என்னை விரட்டினார். தானாகத் தேடி வருகிற அழைப்பு எனக்கு ஆகாது. முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் ரயில் ஏறினேன்.

ஸ்டேஷனுக்கு வில்வண்டி வந்திருந்தது. கவுண்டரே வந்திருந்தார். வாட்டசாட்டமான மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. கண் மட்டும் தூங்காத கண்.

"வாங்க, வாங்க. ஏனுங்க, ரயில்ல ஒண்ணும் செரமமில்லீங்களே? எடம் நம்முளுது, ஓலை நம்முளுது. டேசன்ல இருந்து சாமானெல்லாம் நம்ம வண்டியிலயே ஏத்திட்டு வந்துபோடறோம். அரிசி, பருப்பு, தேங்கா, எளநி எல்லாம் நம்ம தோட்டத்துல இருந்து. நீங்க வந்தாப் போதுமுங்க" என்றார்.

"வசூல்ல உங்களுக்கு எப்படிங்க?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க."

ஒன்றும் வேண்டாம் என்கிற ஆளைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் உஷாராகிவிடும். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஊருக்குள் போகும்போது சந்தைத் திடலைப் பார்த்தேன். நாடகத்துக்கென்றே செய்த மாதிரி அகலமான திடல். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இது வேண்டாமுங்க. மேடை நம்மூட்டுக் களத்துலதான் போடோணும். ஊட்டப் பாத்தாப்புல இருக்கோணுமுங்க" என்றார்.

"ஊரு சனமெல்லாம் அந்தக் களத்துல கொள்ளுமுங்களா?"

"சனம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நாளைக்கே வந்தர முடியுமுங்களா?"

சனம் வராவிட்டாலும் பரவாயில்லை என்கிறவருக்கு நாடகம் எதற்கு? எனக்கு முதலில் தோன்றியது எங்கள் ராணி வேடக்கார அம்மாள்தான். முன்பு ஒரு ஊரில் இப்படி இடத்தைச் சும்மா கொடுத்த ஒரு புண்ணியவான், சாயங்காலம் அந்த அம்மாளுக்கு வில்வண்டி அனுப்பினார். வண்டி வெறுமையாகத் திரும்பிப் போன பிறகு எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. இவரும் அந்த ரகமோ என்று ஆழம் பார்த்தேன்.

"ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. எங்க ராணி வேசக்காரம்மா இந்தத் தடவ வரமாட்டாங்க. ராணி வேசத்த ஒரு ஆம்பளதான் கட்டறாரு" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"ஆரு கட்டினா என்னங்க? சத்தம் நல்லாக் கேக்குமுங்களா? ஊட்டுக்குள்ள வரைக்கும் கேக்குமுங்களா?"

அந்தச் சந்தேகம் அதோடு அடிபட்டுப் போனது. ஆனால் அந்த இடத்தில் அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நாடகத்தைப் பார்க்க வேண்டும் என்று இவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே?

என்னை வீட்டுக்கு அழைத்துப் போகாமல் தோப்புக்குள் இருந்த காவல் குடிசையில் தங்க வைத்தார். காற்று நன்றாக வரும் என்று காரணம் சொன்னார். பகல் சாப்பாட்டைப் பண்ணையாள் ஒருவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு. ஒரு வாய் வைத்தேன், கை நின்றுவிட்டது. கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, எண்ணெய்ப் பசையே இல்லை. ரசமும் அப்படியே. நம் பக்கத்தில் அரிசிம்பருப்புச் சோறு என்றால் தாளிப்பில்தான் உயிர் இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தாளிக்காமல் போட்டாலும் போடுவார்களே தவிர, விருந்தாளிக்குப் போட மாட்டார்கள். அதுவும் இந்த வசதியான வீட்டில்.

சோற்றை மூடி வைத்துவிட்டுச் சாலையோரம் இருந்த பலகாரக் கடைக்கு நடந்தேன். அங்கே எண்ணெய்ச் சட்டியில் போண்டா வெந்துகொண்டிருந்தது. மாரியம்மன் நோம்பி சாட்டி, திருவிழாவுக்கு நாள் குறித்திருந்தால் சில ஊர்களில் எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அப்படி இருந்தால் இந்தக் கடையிலும் சட்டி இருக்காது. ஆகவே ஊருக்குக் கட்டுப்பாடு இல்லை, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தான்.

"பெரிய கவுண்டரூட்டுல ஏதாச்சும் விசேசமுங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் துடைத்த பலகையையே திரும்பத் துடைத்தார்.

"தெரியலீங்க. இன்னொரு போண்டா வெக்கட்டுங்களா?"

வரும் வழியில் கவுண்டர் வீட்டைத் தள்ளி நின்று பார்த்தேன். முன்வாசலில் ஒன்றும் இல்லை. பின்பக்கத்து வேப்ப மரத்தில் கைக்கு எட்டும் உயரம் வரை கொப்பெல்லாம் புதிதாக ஒடித்திருந்தார்கள். அம்மை போட்டிருக்கிற வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள். நோயாளியை வேப்பிலையில் படுக்க வைத்து, ஆத்தா வந்திருக்கிறாள் என்று பயபக்தியோடு வாயைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். அந்த வீட்டை ஒட்டிய களத்தில்தான் கைக்குழந்தையும் கையுமாக எங்கள் கம்பெனியைக் கொண்டுவந்து இறக்கச் சொல்கிறார் இந்த மனிதர்!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கவுண்டர் கிணற்றடியில் மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்களைத் தாண்டி அவரைத் தனியாக அழைத்துப் போனேன்.

"கவுண்டருங்க, உங்க ஊட்டுல ஆத்தா வந்திருக்கறாங்களா?"

"ஆரு சொன்னது? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்கு வயித்துக் கோளாறு. அதுனால எண்ண சேத்தறதில்லீங்க."

எண்ணெயைப் பற்றி நான் இன்னும் பேச்சே எடுக்கவில்லை.

"சரிங்க. அப்ப என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு டம்ளர் மோர் குடிச்சுப்போட்டு வாரேன்."

வந்தவர் மோர் கேட்டு இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. வாருங்கள் என்று கூப்பிடவும் முடியவில்லை. தோளில் கிடந்த துண்டு நழுவி மண்ணில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ற புள்ளைங்க. பாவாயின்னு பேரு. போன மாசில கோயமுத்தூருக்கு நாடகம் பாக்கக் கூட்டிட்டுப் போங்கன்னு அழுதா. வெள்ளாம முடியட்டும் கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். இப்ப மேலெல்லாம் முத்துப் போட்டுக் கெடக்கறா. கண்ணத் தொறக்க முடியல. நாடகம், நாடகம்னே பெனாத்தறா. கேக்கறது அவ இல்லீங்க, ஆத்தா கேக்கறா."

அழுதுகொண்டேதான் சொன்னார். அழுகிற ஆளை நான் சுலபத்தில் நம்புவதில்லை. எங்கள் கம்பெனியில் தினமும் அழுதார்கள்.

"இவளுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தானுங்க. அவனுக்கு வந்தப்ப பனம்பழம் கேட்டான். பழத்துக்குக் காலமில்ல. எட்டுத் திக்குக்கும் ஆள் உட்டுப் பாத்தேன், கெடைக்கல. குடுக்க முடியலீங்க. போயிட்டான்."

அம்மை கண்டவர் வாயிலிருந்து வருவது அம்மன் கேட்பது, கொடுக்காவிட்டால் ஆளைக் கொண்டுபோய்விடுவாள் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை அவ்வளவு கிடையாது. அதற்காகப் பொய் என்று சொல்லவும் மாட்டேன்.

"உங்க ஒரு புள்ளைக்காக எங்க நாப்பது உசுரக் கொண்டாந்து நெருப்புல எறக்கப் பாத்தீங்களே, ஞாயமுங்களா?"

"ஞாயமில்லீங்க. சொல்லியிருந்தா வருவீங்களா?"

"வரமாட்டோம்."

"அதுக்குத்தானுங்க சொல்லல" என்றார். அதற்கு மேல் அவரிடம் ஏமாற்று இல்லை. என்னிடமும் வசவு தீர்ந்துபோய்விட்டது.

தொழில் முறைப்படி என் வேலை அங்கே முடிந்தது. குடிசைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன். உடுமலைக்குப் போகச் சொல்லித் தந்தி கொடுத்துவிட்டுச் சாயங்கால ரயிலில் நானும் திரும்பிவிடலாம். ஒருவரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. பாதி வழியில் நின்றுவிட்டேன்.

என் முகத்தைத்தான் பார்க்கிறீர்களே. சின்ன வயதிலேயே எனக்கு அம்மை போட்டுப் போய்விட்டது. ஒரு தடவை வந்த உடம்புக்கு அது திரும்ப வராது. எவ்வளவு அரிதாரம் அப்பினாலும் இந்தத் தழும்பு தெரிகிறது என்று சொல்லித்தான் கம்பெனியில் என்னை மேடையேற்றாமல், திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க வைத்தார்கள். அதிலிருந்துதான் ஏஜெண்டு வேலைக்கு வந்தேன். நாடகத்தில் ராஜா வசனம், ராணி பாட்டு, மந்திரியின் இருமல் வரைக்கும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வீட்டுக்குள் தைரியமாகப் போகக்கூடிய ஒரே ஆள் நான்தான். அந்தப் பெண்ணோ பார்க்கப் போவதில்லை, கேட்கத்தான் போகிறாள். இது இரக்கமா, இல்லை ராஜா வேடத்தின் மேல் இருந்த பழைய ஆசையா என்று அந்த ரோட்டில் நின்று என்னையே சந்தேகப்பட்டேன். இன்றுவரை அது தீரவில்லை.

ஸ்டேஷனில் தந்தி கொடுத்தேன். இந்த ஊர் வேண்டாம், உடுமலைக்குப் போங்கள், நான் பிறகு வருகிறேன். காரணம் எழுதவில்லை. தந்தி பல கை மாறிப் போகிற சங்கதி. கம்பெனி ஏஜெண்டு அம்மை வீட்டில் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை வெளியே கசிந்தால், உடுமலை மட்டுமல்ல, ஒரு ஊரும் எங்களை எல்லைக்குள் விடாது. முதலாளி என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

திரும்பி வந்து, வீட்டுப் பின்வாசலில் நின்ற கவுண்டரிடம், "கம்பெனி வராதுங்க. நான் இருக்கறேன். முழு நாடகமும் நானே நடத்திப்போடறேன். ஆனா ஒரு பேச்சு. அம்மை குத்தறவரைக் கூப்பிட்டு ஊருல இருக்கற புள்ளைகளுக்கெல்லாம் குத்தச் சொல்லோணும்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "ஆத்தா வந்திருக்கற நேரத்துல ஊசியா? கோவிச்சுக்குவாளுங்க."

அப்போதுதான் அவருடைய மனைவியின் குரலை முதலில் கேட்டேன். பின்வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினார். "ஊரு புள்ளைக நல்லா இருந்தா ஆத்தா எதுக்குங்க கோவிச்சுக்கறா? வரச் சொல்லுங்க. ஆனா ஏனுங்க, ஒருத்தரை வெச்சுட்டு கம்பெனி வந்திருக்குதுன்னு சொன்னா ஆத்தா ஏமாறுவாளுங்களா?"

"வந்திருக்குதுன்னு புள்ளைகிட்டச் சொல்லுங்க. மத்ததை எங்கிட்ட உட்டுப்போடுங்க" என்றேன். அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. எனக்கும் வரவில்லை.

பாவாயி படுத்திருந்த அறைக்கு வெளியே, கதவில் தொங்கிய வேட்டித் திரைக்கு இந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை, அன்றன்றைக்கு ஒரு பகுதி. நாட்டை இழந்த ராஜா காட்டில் ராணியைத் தேடும் கதை, எங்கள் நாடக வாத்தியார் எழுதியது. கட்டைக் குரலில் ராஜா, கீச்சுக் குரலில் ராணி, மூக்கால் பேசுகிற மந்திரி. ரதம் வரும் இடத்தில் மாட்டுக் கழுத்து மணியை ஆட்டச் சொல்லிக் கவுண்டரிடம் கொடுத்திருந்தேன். மனிதர் பயத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தார். ரதம் நிற்கவேயில்லை. ராஜா இறங்கி வசனம் பேசிய பிறகும் ரதம் ஓடிக்கொண்டிருந்தது. கை தட்ட வேண்டிய இடத்திலும் அவர்தான் தட்டினார். ஊர்ப் பெரிய மனிதர், யாரையும் பார்த்துக் கை தட்டிப் பழக்கமில்லாதவர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

உள்ளே இருந்து ஒரு சத்தமும் வராது. கேட்கிறாளா, தூங்குகிறாளா, நினைவு இருக்கிறதா என்று தெரியாமல் திரையைப் பார்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தால்தான் தெரியும். ஒரு நாள் காய்ச்சல் உச்சத்துக்குப் போனது. தாயார் வெளியே வந்து, "போதுமுங்க, அவளுக்கு ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்துவிட்டார். கவுண்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்திப்போடாதீங்க. அவளுக்குக் கேக்காட்டியும் ஆத்தாளுக்குக் கேக்கும். நிறுத்தாதீங்க சாமி." பயம் என்றால் அப்படி ஒரு பயம். நான் முடித்தால் அவள் முடிந்துவிடுவாளோ என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். அன்று ராஜா அழுகிற கட்டம் வர வேண்டும். அதைத் தள்ளி வைத்துவிட்டு, கோமாளி தன் மாமியாரிடம் மாட்டிக்கொள்ளும் கட்டத்தை எடுத்தேன். பாதியில் உள்ளே ஏதோ ஒரு சின்னச் சத்தம். சிரிப்பா இருமலா என்று எனக்கு நிச்சயமில்லை. சிரிப்பு என்று தாயார் சொன்னார், நான் நம்பவில்லை. இருந்தாலும் அந்தக் கட்டத்தையே மறுபடியும் ஒரு தடவை முதலிலிருந்து நடத்தினேன்.

காய்ச்சல் இறங்கியது. முத்து வாடியது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, முதல் தண்ணீர் ஊற்றினார்கள், பிறகு இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். அதுவரை நானும் எங்கும் போகவில்லை. அம்மை வீட்டுக்குள் நுழைந்தவன் பாதியில் இன்னொரு வாசல் மிதிக்கக்கூடாது, மிதிக்க எனக்கும் மனமில்லை. இதற்கிடையில் அம்மை குத்துகிறவர் வந்து ஊரில் வீடு வீடாகப் போனார். கவுண்டர் தாமே கூட நின்று ஒளிந்துகொண்ட பிள்ளைகளையெல்லாம் பிடித்துக் கொடுத்தார்.

அடுத்து முதலாளியிடம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். உடுமலையில் வசூல் படுமோசம். நான் படக்காரர்களிடம் விலை போய்விட்டேன், வேண்டுமென்றே நல்ல ஊரைக் கெடுத்துவிட்டேன் என்று அதற்குள் பேச்சாகியிருந்தது. துணிமணிகளை வேக வைத்து வெளுத்து, இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருந்து, பிறகு போய் நடந்ததைச் சொன்னேன். முதலாளி முழுவதும் கேட்டுவிட்டு, "கதை நல்லா இருக்குது, வாத்தியார்கிட்டச் சொல்லி எழுதச் சொல்லு" என்றார். சாகும்வரை அவர் அதை நம்பவில்லை. ஆனால் வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. இவ்வளவு புளுகத் தெரிந்தவன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். நாற்பது பேரில் ஒருவர் உடம்பிலும் ஒரு முத்துக்கூடப் போடவில்லை, எனக்கு அது போதும்.

தம்பிகளே, நீங்கள் பார்க்கப் போகும் ஊர்களிலும் ஏதாவது ஒன்றை மறைப்பார்கள். மறைக்கிறார்கள் என்று மூக்குக்குத் தெரிந்தவுடன் திரும்பி ஓடி வருவது பாதி வேலைதான். எதை மறைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஓடுங்கள். சில இடங்களில் பார்த்த பிறகு ஓட மனம் வராது. அந்த நேரத்தில் கம்பெனியைப் பத்திரமாக வேறு பக்கம் அனுப்பிவிட்டு, நீங்கள் மட்டும் நின்று கணக்கைத் தீருங்கள். இதற்கு மேல் எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது.

நான் கிளம்பிய அன்று பாவாயியை முதல் தடவையாக வெளிச்சத்தில் பார்த்தேன். முற்றத்தில் நெல் காயும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். உடம்பு குச்சியாகியிருந்தது, ஒரு கண் மங்கியிருந்தது. இன்னொரு கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்வையில் அப்பா அம்மா இரண்டு பேரிடமும் இல்லாத ஒரு கறார்.

"ஏனுங்க, கம்பெனி நெசமாலுமே வந்துச்சுங்களா?"

"வந்துச்சு கண்ணு. காத்தால வண்டிக்குத்தான் எல்லாரும் போனாங்க."

"ராசா, ராணி, மந்திரி எல்லாரும் வந்தாங்களா?"

"எல்லாரும்தான்."

"அப்புறம் எதுக்குங்க, ஒருத்தர் பேசி முடிச்ச பொறவுதான் இன்னொருத்தர் பேசினாங்க? சபையில அத்தன பேரு இருக்காங்கன்னு சொன்னாங்க. ராசா அழுகறப்ப ஒருத்தர்கூட 'அய்யோ'ன்னு குறுக்க ஒரு வார்த்த சொல்லலீங்களே?"

எத்தனையோ ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்களை நான் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறேன். என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அன்றுதான். கவுண்டர் தூணோரம் நின்று கையைப் பிசைந்தார். அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பாயிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்துத் துப்பினாள்.

"நான் நம்பலீங்க. ஆனா ஆத்தா நம்பிப்போட்டா, உடுங்க" என்றாள்.